ஸென் ஷெட்யூலரில் நான் தூக்கி எறிந்த லூப்

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓடவிடும் ஸென் ஹைப்பர்வைசரில், எது எப்போது எந்த சிபியுவில் ஓடும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் நிரலைத் துப்புரவாக்க உட்கார்ந்தபோது ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்ட வேலை இல்லை, என் சொந்தப் பிரதிதான். அதுவும் ஸென் 4.13 பதிப்புக்கு முந்தையது. 2019 டிசம்பரில் வந்த அந்த வெளியீட்டில் கோர் ஷெட்யூலிங் சேர்ந்து, விசிபியுக்களை (மெய்நிகர் கணினிகளின் சிபியுக்கள்) 'யூனிட்' என்று மூட்டை கட்டி வரிசையில் நிறுத்தும்படி எல்லாம் மாறிவிட்டது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெயர்களைத் திருத்துவது, கிரெடிட், கிரெடிட்2 என்ற இரண்டு ஷெட்யூலர்களிலும் ஒரே மாதிரி இருந்ததை ஓரிடத்தில் சேர்ப்பது எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன.

அப்புறம் லாக், அதாவது ஒரே வரிசையை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் காக்கும் பூட்டு, அதை எடுக்கும் ஃபங்ஷனுக்கு வந்தேன். விசிபியு எந்த சிபியுவில் இருக்கிறதோ, அதன் லாக்கைப் பிடிக்கிறது. பிடித்த பிறகு, 'இது இன்னும் அதே லாக்தானா?' என்று மறுபடி பார்க்கிறது. இல்லையென்றால் விட்டுவிட்டு முதலிலிருந்து. கையில் பிடித்துக்கொண்டிருப்பதை எதற்குச் சரிபார்ப்பது? லூப்பைத் தூக்கிவிட்டேன். பூட் ஆனது, இரண்டு கெஸ்ட்கள் (மெய்நிகர் கணினிகள்) நாள் முழுக்க ஓடின.

சிபியுக்களைக் குழுக்களாகப் பிரிக்கும் சிபியு பூலைத் தொட்டபோதுதான் மாட்டினேன். ஒரு கெஸ்டை இரண்டு பூல்களுக்கு நடுவே மாற்றி மாற்றி அனுப்பும் ஸ்கிரிப்டை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கெஸ்ட் உறைந்து கிடக்கிறது. சீரியல் கன்சோலில் கன்ட்ரோல்-ஏ மூன்று தடவை, பிறகு 'ஆர்' தட்டினால் ரன் க்யூக்களை, அதாவது ஓடக் காத்திருப்பவற்றின் வரிசைகளை, கொட்டும். கொட்டியது. ஓடக் காத்திருக்க வேண்டிய ஒரு விசிபியு எந்த வரிசையிலும் இல்லை!

லாக் எது என்று பார்ப்பதற்கும் அதைப் பிடிப்பதற்கும் நடுவே நாம் காத்திருக்க நேரலாம். அந்த நேரத்தில் வேறொரு சிபியு இந்த விசிபியுவை இடம் மாற்றிவிடலாம். போதாததற்கு, பூல் மாறும்போது சிபியுவின் லாக்கே மாறலாம்: கிரெடிட்2இல் ஒரு ரன் க்யூவைச் சேர்ந்த சிபியுக்கள் ஒரே லாக்கைப் பகிர்கின்றன, அதனால்தான் ஒவ்வொரு சிபியுவிலும் லாக் என்பது, வேறிடத்தில் இருக்கும் லாக்கைச் சுட்டும் பாயின்டராக இருக்கிறது. என் கையில் இருந்தது பழைய வீட்டுச் சாவி. ஆள் குடிமாறிப் போயாச்சு.

இதையெல்லாம் சொல்லும் கமென்ட் அந்த லூப்புக்குள்ளேயே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அழித்திருந்தேன்.

சரி என்று லூப்பைத் திரும்பப் போட்டேன். ஒரே மொத்தையாக இருந்த பேட்ச்சை, பெயர் மாற்றம் தனி, இடமாற்றம் தனி, நடத்தை மாறுவது தனி என்று ஒன்பதாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும், பிழை பிடிக்கக் கூடுதல் சோதனைகள் கொண்ட டீபக் பில்டில் அதே ஸ்கிரிப்ட், ஓர் இரவு. மூன்று வாரம் ஆனது. நிரல் நன்றாகச் சிறுத்தது. அந்தக் கமென்ட் மட்டும் இரண்டு வரி கூடியிருக்கிறது.