குவேக் மறுபதிப்பு: ஓட்டம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது

1996 ஜூனில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் என்ற துப்பாக்கிச் சுடும் கேமை, 2021 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் புதுப்பித்துத் தந்தது. படம் கூர்மையானது, வெளிச்சமும் நிழலும் கூடின, பூதங்களின் உருவம் மெருகேறியது. ஓட்டத்தில், அதாவது ஓடித் தாவும் விதத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அதற்காகவே நைட்டைவைப் பாராட்ட வேண்டும்.

விளையாட உட்காரும் முன் செட்டிங்ஸுக்குப் போய்விடுங்கள். பழைய 4:3 திரையில் பார்வைக் கோணம் 90 பாகை. அதே காட்சி 16:9 திரையில் கிடைமட்டமாகச் சுமார் 106 பாகைக்கு விரியும். கால் மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்பவர்கள் முதலில் கோணத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். தூரத்தை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குவேக்கில் ஆபத்து எப்போதும் தூரத்தில்தான் முதலில் தெரியும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் துணி மவுஸ்பேட் பிசுபிசுத்து, மவுஸ் திக்கித் திக்கி நகரும். ஏர்கான் போடாத அறை என்றால் வழவழப்பான கெட்டி பேட் வாங்குவது நல்லது. நிண்டெண்டோ ஸ்விட்சில் விளையாடுவோர், கருவியைச் சாய்த்துக் குறிபார்க்கும் வசதியை வீட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். எம்ஆர்டியில் அணைத்துவிடுங்கள். ரயில் வளைவில் திரும்பினால் குறியும் கூடவே திரும்பிவிடும்.

இனி ஓட்டம். கேமின் சொந்த அளவுகோலில், தரையில் உங்கள் உச்ச வேகம் 320. காற்றில் அந்த வரம்பு இல்லை. நீங்கள் அழுத்தும் திசையில் ஏற்கெனவே எவ்வளவு வேகம் இருக்கிறது என்று மட்டும் எஞ்சின், அதாவது கேமை இயக்கும் மென்பொருள், பார்க்கும். அது 30-க்குக் கீழே இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மொத்த வேகம் எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. நேராகப் பறக்கும்போது முன்செல்லும் விசையை அழுத்தினால், அந்தத் திசையில் வேகம் 30-ஐ எப்போதோ தாண்டியிருக்கும்; எதுவும் சேராது. பக்கவாட்டுத் திசையில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் அங்கே சேரும்.

ஆகவே, ஓடித் தாவியதும் முன்விசையை விடுங்கள். இடதுவிசையை அழுத்தியபடி மவுஸையும் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். அடுத்த தாவலில் வலதுவிசை, மவுஸும் வலப்பக்கம். உராய்வு தரையில் மட்டுமே உண்டு. கால் பட்ட கணமே மீண்டும் தாவினால் சேர்த்த வேகம் கரையாது. பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடத்தில்: முன்விசையை விடாமல் பிடித்திருப்பது, மவுஸைச் சட்டென்று வெட்டித் திருப்புவது. பாம்பு நெளிவதுபோல் மெதுவாக வளைந்தால் போதும். சிரமநிலையைத் தேர்ந்தெடுக்கும் தொடக்க மண்டபத்தில் எதிரிகளே கிடையாது, பயிற்சிக்கு அதைவிட நல்ல இடமில்லை.

முதல் அத்தியாயத்தின் மூன்றாம் கட்டத்தில் சோம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள், வரும். ஷாட்கன்னால் எத்தனை முறை வீழ்த்தினாலும் எழுந்து வருவார்கள். சோம்பியின் உயிர் 60; ஒரே அடியில் அத்தனையும் போனால்தான் சாவு, இல்லையேல் மறுபடி 60. இரட்டைக்குழல் ஷாட்கன் மிக அருகிலிருந்து கொடுப்பது 56. நான்கே நான்கு குறைவு! இந்தக் கணக்கின் அழகு என்னை எப்போதும் வியக்க வைக்கும். அதே கட்டத்தில் கிடைக்கும் கிரனேட் லாஞ்சர்தான் விடை. அதன் குண்டு உடல்மீது பட்டால் உடனே வெடிக்கும், தவறினால் இரண்டரை நொடியில்.

ஷாம்ப்ளர் என்ற பூதத்துக்கு உயிர் 600. ராக்கெட்டை வீணாக்காதீர்கள், வெடிப்பின் பாதிதான் அதன்மேல் ஏறும். இரட்டைக்குழலோடு நெருங்குங்கள், நகங்களை ஓங்கும்போது பின்வாங்கி, வீச்சு காற்றில் போனதும் முன்னேறிச் சுடுங்கள். முழுதாகப் பட்டால் 11 வெடி, அதாவது 22 தோட்டா. இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினால் மின்னல் வரப்போகிறது, தூணுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும்.

வெடிப்பின் உந்தலில் உயரே பறக்கும் ராக்கெட் தாவலுக்குக் காலடியைக் குறிபார்த்து, தாவும் கணத்திலேயே சுட வேண்டும். சொந்த வெடிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டுச் சுமார் 50 உயிரைத் தின்னும். பச்சைக் கவசம் அதில் 30 விழுக்காட்டையும், மஞ்சள் 60-ஐயும், சிவப்பு 80-ஐயும் தாங்கிக்கொள்ளும். சிவப்போடு தாவினால் பத்துதான் போகும். உங்கள் அடியை நான்கு மடங்காக்கும் குவாட் டேமேஜ் ஓடும் 30 நொடிக்குள் இதைச் செய்யவே கூடாது. அடி உங்களுக்கும் நான்கு மடங்கு.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தண்டர்போல்ட் என்ற மின்னல் துப்பாக்கியை இயக்குவதும் அப்படித்தான். மிச்சமிருக்கும் மின்கலம் அத்தனையும் ஒரே நேரத்தில் வெடிக்கும், ஒவ்வொன்றுக்கும் 35 வீதம். 20 கலம் இருந்தால் 700. பாதியாகக் குறைந்தாலும் 350 உங்கள் தலையில்.

டிரென்ட் ரெஸ்னரின் இசை அன்று சிடியின் பாட்டுத் தடங்களாக இருந்தது. சிடி இல்லாமல் ஓட்டியவர்களுக்கு வெறும் அமைதிதான். இப்போது கேமுக்குள்ளேயே இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள், வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பதினொன்றுக்கு மேல் அண்டை வீட்டாருக்கும் நிம்மதி.

தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகள் வந்தால், ஒரே டிவியைப் பிரித்து நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம். முதல் அத்தியாயத்தின் நான்காம் கட்டத்தில் ஒளிந்திருக்கும் ரகசிய வாசலைத் தேடிப் பிடித்து அவர்களை எட்டாம் கட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஈர்ப்பு வழக்கமான 800 அல்ல, வெறும் 100. ஒரு தாவலில் எவ்வளவு உயரம் போகிறோம் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.