பைனாகுலர் வாங்கப் பாஸ்போர்ட்

வெளிநாட்டுக் கடையில் கார்டு போட்டு ஒரு பொருள் வாங்கி, பணமும் போய், அப்புறம் "நீங்கள் யார் என்று காட்டுங்கள், அதுவரை பார்சல் கிளம்பாது" என்று மெயில் வந்தால் என்ன செய்வது? தேடிப் பார்த்தேன், தமிழில் உருப்படியாக எதுவும் கண்ணில் படவில்லை. நான் எப்படி முடித்தேன் என்று எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

பொருள் ஒரு பைனாகுலர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், சங்குவளை நாரையெல்லாம் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும், அதைப் பார்க்க வெறும் கண் போதும். ஆனால் குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து குளத்தின் நடுவில் போய் நின்றுகொள்ளும், கரையில் நிற்கிற நமக்குச் சாம்பல் புள்ளியாகத்தான் தெரியும். நல்ல கண்ணாடி போட்ட பைனாகுலரைப் புதிதாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. அமெரிக்காவில், பழையதை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிற ஒரு கடையில் நான் தேடிய மாடல் இருந்தது. வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டேன் (2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் இது மூடியே வருகிறது, ரிசர்வ் வங்கி உத்தரவு). ஆர்டர் போட்டேன். ஓடிபி கேட்கவே இல்லை, பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் மட்டும் வந்தது.

அப்புறம்தான் அந்த மெயில். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும், முகவரி தெரிகிற வங்கி ஸ்டேட்மெண்ட் வேண்டும், கார்டின் முன்னும் பின்னும் போட்டோ வேண்டும், போதாததற்கு அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் வேண்டும். வீட்டில் சொன்னதும், "பறவை பாக்கதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்காவ?" என்று சிரித்தாள். மாமா ஒருவர், "ஏமாத்துக்காரப் பயலுவ மாப்ள, ஒண்ணையும் அனுப்பிராதீங்க" என்றார். அவர் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் மெயில் உண்மையிலேயே கடையிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க வேண்டும். மெயிலில் இருந்த லிங்கைத் தொடவில்லை. கடையின் முகவரியை நானே டைப் செய்து, என் கணக்கில் நுழைந்து, ஆர்டர் பக்கத்தைத் திறந்தேன். சரிபார்ப்புக்காக நிறுத்திவைத்திருப்பதாக அங்கேயும் போட்டிருந்தது, ஆவணம் ஏற்றுகிற இடமும் அங்கேயே இருந்தது. மெயிலில் அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதை நம்பிப் பிரயோஜனமில்லை.

ஏன் கேட்கிறார்கள் என்பது புரிந்தால் எதைக் கொடுக்கலாம் என்பதும் புரிந்துவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டில் இணையத்தில் கார்டு போட்டால் கார்டு எண்ணுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 முதல் கட்டாயம், ஓடிபி வருவது அதனால்தான். அமெரிக்கக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், இவ்வளவு இருந்தால் பணம் போய்விடும். திருட்டுக் கார்டில் யாராவது பொருள் வாங்கினால், உண்மையான கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் கொடுப்பார், வங்கி அந்தப் பணத்தைக் கடையிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். பொருளும் போச்சு, பணமும் போச்சு, அதற்கு மேல் கடைக்காரர் கட்டணம் வேறு கட்ட வேண்டும். ஓடிபி மாதிரி ஒன்று நடந்திருந்தால் அந்த நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும், நடக்காவிட்டால் கடையின் தலையில். அதனால் அங்கே கார்டுக்காரரின் முகவரி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியிடம் ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வங்கிக் கார்டுகளில் அந்த ஒப்பீடு வேலை செய்யாது. கடையின் திரையில் என் முகவரிக்கு நேராக வெறும் கேள்விக்குறிதான்.

அதோடு என் ஆர்டரைப் பாருங்கள். முதல் முறை வாங்குகிற ஆள், விலை அதிகமான, கையோடு விற்றுவிடக்கூடிய பொருள், வெளிநாட்டுக் கார்டு. வங்கியில் இருக்கும் முகவரி நான் முன்பு வேலை பார்த்த சென்னையில், பின்கோடு 600-இல் தொடங்கும். பார்சல் போக வேண்டியது பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்துக்கு, அது 627. கார்டில் என் பெயர் இன்ஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கிறது, அதில் உள்ள முகவரியோ வீரவநல்லூர். கடைக்காரர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வேன். கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கார்டு ஆர்டர் போட்டவருடையதுதானா என்ற ஒன்றைத்தான். அதற்கு என் முகமும் பாஸ்போர்ட்டும் கார்டும் ஒரே மெயிலில் எதற்கு?

கார்டு போட்டோ தர மாட்டேன் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பின்பக்க மூன்று இலக்கத்தைப் பணம் எடுத்த பிறகு சேமித்து வைக்கவே கூடாது என்பது கார்டு நிறுவனங்களே வணிகர்களுக்கு வைத்திருக்கிற பாதுகாப்பு விதி. போட்டோவாக வாங்கி மெயில் பெட்டியில் போட்டுவைத்தால் அதுவும் சேமிப்புதானே. செல்ஃபியும் கிடையாது. அடையாள அட்டையைக் கையில் பிடித்த முகம் என்பது உங்கள் பெயரில் எங்கோ ஒரு கணக்கு திறக்கவோ கடன் ஆப்பில் நுழையவோ முயல்கிற ஒருவனுக்கு ரொம்ப வசதியான சாமான், அது கசிந்தால் கார்டை மாற்றுகிற மாதிரி முகத்தை மாற்ற முடியாது.

"ஆதார அனுப்பிட்டா முடிஞ்சிது" என்று ஆபீஸில் சொன்னார்கள். அமெரிக்கக் கடைக்கு ஆதாரைச் சரிபார்க்க வழியே இல்லை, வெறும் படமாகத்தான் அங்கே கிடக்கும். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்ற நிலை 2018 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு வந்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்து, இரண்டே நாளில் அந்த அறிவிப்பு வாபஸ் வாங்கப்பட்டதும் ஞாபகம் இருக்கலாம். வாபஸானாலும் அதில் சொன்ன ஒரு யோசனை நல்ல யோசனைதான்: உள்ளூர்க் கடையோ லாட்ஜோ கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம். பிடிஎஃப் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருடத்தைச் சேர்க்க வேண்டும்.

ஆக, பாஸ்போர்ட் மட்டும். எண்ணை எப்படி மறைப்பது? பிரிண்ட் எடுத்து மார்க்கரால் அடித்துத் திரும்ப ஸ்கேன் செய்யலாம் என்று வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "வாட்ஸப்புல போட்ருங்க சார்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தார் அண்ணாச்சி. திரை முழுக்க ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், யாரோ ஒரு பிள்ளையின் மார்க் ஷீட், எல்லாம் எத்தனை நாளாகக் கிடக்கிறதோ. அமெரிக்காக்காரன் என்ன செய்வானோ என்று பயந்துகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில்லறை இல்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் சுலபமாக முடிந்தது. பாஸ்போர்ட்டில் எண் இருக்கும் இடத்திலும், அடியில் ஓடுகிற அந்த இரண்டு வரிக் குறியீட்டின் மேலும் காகிதத் துண்டு வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தேன். அடி வரியில் எண்ணும் பிறந்த தேதியும் மறுபடி வருகிறது, மேலே மட்டும் மறைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் மறைத்ததில் அர்த்தமில்லை. போன் எடிட்டரில் பேனாவால் தீற்றி மறைப்பதை நம்பாதீர்கள், சில பேனாக்களின் மை அரைகுறையாக ஒளி விடும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் வைக்கிற கறுப்புக் கட்டமும் பல சமயம் மேலே வைத்த மூடிதான், அதை எடுத்துவிடலாம். போட்டோவின் குறுக்கே ஆர்டர் எண், தேதி, இந்த ஆர்டரைச் சரிபார்க்க மட்டும் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினேன், முகத்தின் மேலும் கொஞ்சம் படுகிற மாதிரி. ஸ்டேட்மெண்ட்டில் பெயர், முகவரி, அந்தக் கடைக்குப் போன தொகை வரி, இவை தவிர மற்றதையெல்லாம் இதே போலக் காகிதம் வைத்து மறைத்தேன்.

பாளையங்கோட்டை முகவரிக்குத்தான் ஆதாரம் கிடைக்காமல் தொல்லை. வாடகை வீடு, கரண்ட் பில் வீட்டுக்காரரின் அப்பா பெயரில் வருகிறது, அவர் காலமாகிப் பல வருடம். வாடகை ஒப்பந்தம் பத்திரத் தாளில் தமிழில் இருக்கிறது. கடைசியில் பிராட்பேண்ட் பில் கைகொடுத்தது, என் பெயர், இந்த முகவரி, ஆங்கிலம். சென்னையிலிருந்து ஊர் மாறிய கதையை நான்கு வரியில் எழுதி எல்லாவற்றையும் தளத்திலேயே ஏற்றினேன். கார்டு போட்டோவுக்குப் பதிலாக ஒன்று கேட்டேன்: என் கார்டில் சில்லறைத் தொகை ஒன்றை நீங்களே எடுங்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று நான் சொல்கிறேன். கார்டு எண்ணைத் திருடியவனுக்கு என் போனுக்கு வருகிற எஸ்எம்எஸ் தெரியாது. பாஸ்போர்ட் படத்தைப் போட்டோஷாப்பில் செய்யலாம், இதைச் செய்ய முடியாது.

முதல் பதில் எந்திரம் எழுதியது மாதிரி அதே பட்டியல். மனிதர் யாராவது படியுங்கள் என்று திரும்ப எழுதினேன், ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பினாலும் சம்மதம் என்றும் சேர்த்தேன். அந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரு பெண்மணி பதில் எழுதினார், சில்லறை முறைக்குச் சம்மதித்தார். ராத்திரி இரண்டு தடவை எஸ்எம்எஸ் வந்தது, இரண்டு தொகையும் டாலர் கணக்கில். (உங்கள் வங்கி ரூபாயாக மாற்றிக் காட்டினால் தொகை ஒத்துவராது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) தொகைகளை அனுப்பினேன், ஆர்டர் நகர்ந்தது. அந்தச் சில்லறையும் பின்னால் திரும்ப வந்துவிட்டது.

இதோடு முடியவில்லை. பார்சல் இந்தியா வந்ததும் கூரியரிடமிருந்து கேஒய்சி கேட்டு எஸ்எம்எஸ். சுங்கத்தில் தனிநபர் பார்சலுக்கு அடையாளம் கேட்பது முறையானதுதான், ஆனால் பார்சல் மாட்டிக்கொண்டது என்று வருகிற மோசடி எஸ்எம்எஸ்ஸும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். இங்கேயும் லிங்கை விட்டுவிட்டு, கூரியரின் தளத்தில் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான் ஏற்றினேன். இதில் பாஸ்போர்ட் எண்ணை மறைக்கவில்லை, சுங்கத்துக்கு அது வேண்டும். குறுக்கே எழுதுவதை மட்டும் விடவில்லை. வரி கண்ணைக் கட்டியது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் விசாரணை என்று யாராவது கூப்பிட்டால் அது சுங்கமும் இல்லை போலீஸும் இல்லை, போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும்.

பைனாகுலர் கைக்கு வந்த பிறகு, என் ஆவணங்களை அழித்துவிடுங்கள் என்று கடைக்கு எழுதினேன். பாஸ்போர்ட் படமும் ஸ்டேட்மெண்ட்டும் அழிக்கப்பட்டன, ஆர்டர் விவரம் கணக்குக்காக இருக்கும் என்று பதில் வந்தது. உண்மையில் அழித்தார்களா என்று நான் போய்ப் பார்க்கவா முடியும், எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். கூரியருக்கும் எழுதினேன், பதில் இல்லை. அதே கடையில் ஒரு டிரைபாடு பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வங்கிக்குப் போய் முகவரியைப் பாளையங்கோட்டைக்கு மாற்றக் கொடுத்தாயிற்று, அதற்கும் முகவரி ஆதாரம் கேட்டார்கள், பிராட்பேண்ட் பில் செல்லாதாம்.