வாடைக்கு எதிரே பருத்தித்துறை: புத்தளத்துக்கு முன்பே திரும்பிய கதை

பொங்கலுக்குள் பருத்தித்துறை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் திட்டம். வெள்ளவத்தையிலிருந்து ஆறு நாள்: சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, பிறகு ஊர். சின்னம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. ஜனவரி 9ஆம் திகதி சைக்கிளில் புறப்பட்ட நான், பொங்கலன்று வெள்ளவத்தையில் என் வீட்டு அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலி வீதியில் பஸ்கள் சண்டைக்கு வருவதற்கு முன் கொழும்பைத் தாண்டிவிட வேண்டும் என்று அதிகாலை நாலரைக்கே கிளம்பினேன். நீர்கொழும்பில் பாணும் பருப்பும். ஏறக்குறைய 85 கிலோமீற்றர் ஓடி மத்தியானம் சிலாபத்தில் இறங்கியபோது, ஆறு நாளை ஐந்தாகக் குறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். கொஞ்சம் திமிர்தான்.

மறுநாள் காற்று. சிலாபத்திலிருந்து புத்தளம் வரை வீதி நேர் வடக்கே போகிறது. தை மாதத்து வாடையோ வடகிழக்கிலிருந்து வருகிறது. வலக் கன்னத்தில் யாரோ விடாமல் கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. முதல் நாள் மணிக்கு 18 கிலோமீற்றர் ஓடிய அதே கால்கள் அன்று 11ஐத் தாண்டவில்லை. எதிர்க்காற்றில் இது ஒரு கொடுமை: முகத்தில் படும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகிறது. ஏற்றம் என்றால் உச்சி வரும், அதன்பின் இறக்கம் வரும். காற்றுக்கு உச்சி கிடையாது.

முந்தலைத் தாண்டியதும் பின்சில்லில் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்து ஓட்டினேன். சற்று நேரத்தில் சில்லு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கக் கம்பி ஒன்று முறிந்து ஆடிக்கொண்டிருந்தது. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் மதுரங்குளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு சைக்கிள் கடை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு நானா. என்னிடம் பம்ப், இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், எண்ணெய், மாற்றுக் கம்பிகள் மூன்று எல்லாம் இருந்தன. பெருமையோடு கம்பியை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், "பிரீவீல் கழற்றுகிற சாவி எங்கே தம்பி?" என்று கேட்டார். வலப்பக்கக் கம்பியைக் கோர்க்க வேண்டுமானால் பற்சக்கரங்களைக் கழற்றியாக வேண்டும். அவரிடம் இருந்த சாவி என் ஏழு பற்சக்கர அடுக்குக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் சாவி பெருவிரல் அளவுதான் இருக்கும். அது வெள்ளவத்தையில், மேசை இழுப்பறையில், சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

முறிந்த கம்பியின் கழுத்தை, அதாவது அது வளைந்து அச்சுக்குள் நுழையும் இடத்தை, அவர் வெயிலில் பிடித்துக் காட்டினார். முறிந்த முகத்தில் பாதி கறுத்துப் போயிருந்தது. மீதி வெள்ளியாகப் பளபளத்தது. "இது இன்றைக்கு முறிந்தது இல்லை. கறுத்த பக்கம் எப்போதோ வெடித்துவிட்டது. மிச்சம்தான் இன்றைக்குப் போனது." பிறகு சில்லைச் சுழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டினார். வலப்பக்கம் கீச்சென்று, இடப்பக்கம் மந்தமாக. பற்சக்கரம் வலப்பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் நெட்டுக்குத்தாக நின்று கூடுதல் இழுவையைத் தாங்குகின்றன. இந்த வித்தியாசம் இயல்பு. ஆனால் வலப்பக்கத்துக்குள்ளேயே நாலைந்து கம்பி சுருதி சேராமல் தொளதொளத்தன. "மற்றதும் வரிசையில் நிற்கிறது தம்பி." பதினெட்டு கிலோ மூட்டை முழுவதையும் பின் கரியரில் கட்டியிருந்ததற்கு வேறு தனியாக ஏச்சு வாங்கினேன்.

அவர் செய்த வேலையை நான் முன்பு பார்த்ததில்லை. என் மாற்றுக் கம்பி ஒன்றின் தலையை வெட்டி எறிந்தார். அந்த முனையைக் குறட்டால் இரண்டு முறை மடித்துக் கொக்கியாக்கினார். பற்சக்கரங்களைத் தொடாமலே அச்சின் துளைக்குள் கொக்கியை மாட்டி, மறுமுனையை முறுக்கி இறுக்கிவிட்டார். கோணல் எடுத்ததும் சில்லு நேராகச் சுழன்றது. "இது கொழும்புக்குப் போக. யாழ்ப்பாணத்துக்கு இல்லை."

தேநீர் குடித்துக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தேன். புத்தளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். அந்த வீதி வடகிழக்கு நோக்கித்தான் போகிறது, வாடையின் வாய்க்குள்ளேயே. கொக்கிக் கம்பியோடு அதில் ஏற எனக்குத் துணிவு வரவில்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

திரும்பியதும் உலகமே அமைதியாகிவிட்டது. காதில் இரைச்சல் இல்லை. மிதியைத் தொட்டால் போதும், 20 கிலோமீற்றர் வேகம். தோற்றுத் திரும்புகிறவனுக்கு இத்தனை சுகம் கூடாது என்று நினைத்தபடியே சிலாபம் வந்து சேர்ந்தேன்.

சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. "தையில் வாடைக்கு எதிரே வருகிறேன் என்றாய். சோளகத்தில் வருவதுதானே?" என்றார். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. கரையோரத்தில் பிறந்தவர். நான் தூரத்தையும் தங்குமிடத்தையும் நாட்களையும் கணக்குப் போட்டிருந்தேன். காற்றின் திசையைப் பார்க்கவே இல்லை.

ஆனால் சோளகம் எழும்ப வைகாசி ஆகும். அதுவரை பொறுக்க முடியாது. ஆகவே பயணத்தையே தலைகீழாக்கிவிட்டேன்: மாத இறுதியில் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம், அங்கிருந்து பருத்தித்துறை, பிறகு தெற்கே. சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, மன்னார் என்று அந்தப் பாதை பெரும்பாலும் தென்மேற்காக இறங்குகிறது. வாடை முதுகில் இருக்கும். மன்னாரிலிருந்து மதவாச்சி வரை மட்டும் பக்கக் காற்று. அதை மடுவில் ஒரு நாள் தங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்.

பின்சில்லின் 36 கம்பிகளையும் மாற்றிவிட்டேன். மூட்டை பதினெட்டிலிருந்து பதினொரு கிலோவாகியது. அதில் பாதி இப்போது முன்பக்கம். சாவி சீட்டுக்கடியில் நூலில் தொங்குகிறது. நேற்று பஸ் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. முன்சில்லைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தால் கீழ்ப்பெட்டியில் ஏற்றலாம் என்றார்கள். இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"சைக்கிள் பஸ்ஸில் வருகிறதென்றால், நீ எதில் வருகிறாய்?"