மெயினுக்கு முன்னால் ஓடிய நாலு வரி

கிளிநொச்சியில் ஒரு கடனுதவிச் சங்கத்துக்கு, அன்றாடக் கணக்குக் கோப்புகளைக் குறியாக்கி வைக்கும் சின்ன நிரலொன்றை சி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். குறியாக்கத்துக்கு லிப்ஜிகிரிப்ட் என்ற ஆயத்த நிரல்தொகுப்பு (லைப்ரரி). பரந்தனில் என் மேசையில் சத்தமில்லாமல் ஓடியது. சங்கக் கணினியில் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவையாகப் போட்டபின், தொடங்கும்போதெல்லாம் ஜேர்னல் என்ற பதிவேட்டில் ஒரு வரி: ஆரம்பிப்பு விடுபட்டிருக்கிறது, செயலியைத் திருத்துங்கள்.

இரண்டு பின்னேரங்கள் இரண்டு கணினிகளுக்கும் வித்தியாசம் தேடியே போயின. லைப்ரரிப் பதிப்பு, கேர்னல், உரிமைகள் எல்லாம் ஒன்றுதான். நடுவில் மழைக்குக் கரண்ட் வேறு போனது. கடைசியில் பார்த்தால் வீட்டிலும் அதே வரி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை கணினியின் பொதுப் பதிவான சிஸ்லாக்குக்குப் போகும். நான் திரையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் நிரலின் முதன்மைப் பகுதியான மெயினின் முதல் வரியே ஜிகிரை செக் வெர்ஷன். பெயரைப் பார்த்தால் பதிப்பைச் சரிபார்ப்பது போலிருக்கும். லைப்ரரியை எழுப்புவதும் அதுதான். (இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்ல!) பிறகு பாதுகாப்பு நினைவகம், பிறகு ஆரம்பிப்பு முடிந்தது என்ற அறிவிப்பு. கையேட்டு ஒழுங்கில் பிசகில்லை.

வவுனியாத் தம்பி ஒருவனிடம் போனில் புலம்பினேன். “அண்ணை, மெயினை விடுங்கோ. அதுக்கு முதல் என்ன ஓடுதெண்டு பாருங்கோ” என்றான்.

பிழை தேடும் கருவியான ஜிடிபியில் செக் வெர்ஷனுக்கு ஒன்று, ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) போடும் அழைப்புக்கு ஒன்று என, ஓட்டத்தை நிறுத்தும் இரண்டு பிரேக்பாயின்ட் வைத்தேன். ஹாஷ்தான் முதலில் நின்றது. எது எதைக் கூப்பிட்டது என்று காட்டும் பேக்ட்ரேஸை அடியிலிருந்து படித்தால் நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர், அதன் டிஎல் இனிட், கால் இனிட், அதற்கு மேல் என் சொந்தத் துணை லைப்ரரி. மெயினைக் காணவே இல்லை.

அமைவுக் கோப்பின் ஹாஷை முன்கூட்டியே கணித்து வைக்கலாமென்று எப்போதோ நாலு வரி எழுதி, கன்ஸ்ட்ரக்டர் அடையாளம் போட்டுவிட்டு மறந்திருந்தேன். அந்த அடையாளம் இருந்தால் லைப்ரரி ஏறியதுமே அது ஓடிவிடும். லிப்ஜிகிரிப்ட்டும் தானே எழும்பி, ஹாஷைச் சரியாகவே கொடுத்து, சிஸ்லாக்கில் முறைப்பாட்டை மட்டும் எழுதியிருக்கிறது. உடைந்து விழுந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

அடையாளத்தை எடுத்துவிட்டு, ஆரம்பிப்பு முடிந்தபின் மெயினே கூப்பிடும்படி மாற்றினேன். துணை லைப்ரரி இப்போது எதையும் தானாக ஆரம்பிக்காது. ஆரம்பிப்பு முடிந்ததா என்று லிப்ஜிகிரிப்ட்டிடமே கேட்கும், இல்லையென்றால் பிழையோடு திரும்பிவிடும். அடுத்த நாள் சங்கத்துக்குப் போய்ச் சேவையை மூன்று தரம் நிறுத்தித் தொடங்கினேன். அந்த வரி வரவில்லை.