அடிபடும் முன் கணக்கு பாருங்கள்
கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களே, ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் சட்டை வாங்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அடிபடும் ஆபத்தைக் கவனிக்கக் கைப்பேசியில் ஒரு கூகுள் ஷீட் போதும்.

பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? 0-லேருந்து 10-க்குள்ள சொல்லு" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், மதிப்பெண் 6 என்றால் அன்றைய பயிற்சிச் சுமை 540. வாரக் கூட்டுத்தொகை முந்தைய வாரங்களைவிடத் திடீரென எகிறினால் கவனம் தேவை, முக்கியமாகப் பள்ளி விடுமுறை முடிந்து வருகிறவர்களுக்கு. விசில் ஊதிய கையோடு கேட்டால் கடைசி ஓட்டத்தின் களைப்புதான் பதிலாக வரும். கூட்டாளிகள் முன்னால் கேட்டால், ஆட்டத்தில் இடம் போய்விடுமோ என்று எல்லாரும் "3" என்பார்கள்.

மாதம் ஒருமுறை கணுக்காலையும் பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை அளவிடுங்கள். வலது 11 செ.மீ., இடது 7 என்றால் பழைய சுளுக்கு உண்டா என்று விசாரியுங்கள். முன்பு பட்ட காயம் மிக முக்கியமான தகவல், அதைக் கட்டாயம் பதியுங்கள்.

எந்தச் சோதனையும் ஜோசியம் சொல்லாது. இதை வைத்து எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து ஒதுக்காதீர்கள், தயவுசெய்து.

நம்ம ஊர் வெயிலுக்குப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடையும் பாருங்கள். 40 கிலோ பையன் 800 கிராம் இழந்தால் அது 2 சதவீதம், தண்ணீர் போதவில்லை. ஈர ஜெர்சியோடு எடை பார்த்தால் இழப்பு குறைவாகத்தான் காட்டும்.