பேலர் பெல்ட் வழுக்கினால்

வைக்கோல் கட்டும் ரவுண்டு பேலரில் பெல்ட் வழவழப்பாகிவிட்டால் முதலில் தெரிவது கட்டின் தொடக்கத்தில்தான், உள்ளே போன வைக்கோல் சுருளாமல் அப்படியே நிற்கும், அதுவும் நன்றாகக் காய்ந்த வழுக்கலான வைக்கோல் என்றால் சொல்லவே வேண்டாம். உடனே புது பெல்ட்டுக்குப் போகாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பெல்ட்டை ஓட்டும் டிரைவ் ரோலர் மேல் இருக்கும் ரப்பர் உறை தேய்ந்திருக்கிறதா, ரோலரில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் குற்றம் அங்கேதான் இருக்கும்.

பெல்ட்டேதான் காரணம் என்றால், இரண்டு பக்கமும் சொரசொரப்பு உள்ள வகையைத் திருப்பிப் போடலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால், கம்பி பிரஷ்ஷாலோ சொரசொரப்பான உப்புத்தாளாலோ மேல் ரப்பரின் பளபளப்பை மட்டும் லேசாக எடுங்கள். உள்ளே இருக்கும் துணி தெரியும் அளவுக்குப் போனால் பெல்ட் போச்சு. பிசுபிசுப்பான ஸ்ப்ரே எனக்குப் பிடிப்பதில்லை, கொஞ்ச நேரம் பெல்ட் வழுக்காமல் ஓடும், அப்புறம் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்து, பின்கதவுக்கு லாக் போடுங்கள். தயவுசெய்து.

அப்புறம் லேசிங், அதாவது பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இணைப்பு, மாற்றும்போது பெல்ட் முனையை நேராக வெட்டுங்கள், கோணலானால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடும்.