மரத்தில் இழைத்த இத்தாலி

மார்ச் 9, சனி

கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸ் ஊரை நான்காம் எண் நெடுஞ்சாலையில் கடக்கும்போது, மேட்டின் மேல் ஒரு பெரிய பழைய வீடு தெரியும். பலமுறை பார்த்துக்கொண்டே போனதோடு சரி. இன்று வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறினேன். இயற்கையைக் காக்க எழுதிப் போராடிய ஜான் மியூர் கடைசி வரை வாழ்ந்த வீடு அது. 1964 முதல் தேசிய வரலாற்றுத் தலம். யோசெமிட்டி, சியரா மலைகள், காடுகளுக்கான போராட்டம் என்று அவரைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். எனக்கு அவரைவிட வீட்டின் மேல்தான் கண்.

வீட்டைக் கட்டியவர் மியூர் அல்ல, அவருடைய மாமனார் ஜான் ஸ்ட்ரென்ட்ஸெல். போலந்தில் பிறந்தவர். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830 கிளர்ச்சியில் இருந்தவர், தோற்றதும் ஹங்கேரிக்குத் தப்பினார். அங்கே மருத்துவம் படித்தார். பிறகு டெக்சஸ், 1849-இல் கலிஃபோர்னியா. தங்கம் தேடி ஊரே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் அல்ஹாம்ப்ரா பள்ளத்தாக்கில் பழத்தோட்டம் போட்டார். பேரிக்காய், திராட்சை, செர்ரி. அந்தப் பழப் பணம்தான் 1882-இல் இந்த வீடாக எழுந்தது.

முகப்பைப் பார்த்தாலே பாணி தெரிந்துவிடும். சரிவு குறைந்த கூரை. சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளும் இறவாணம். அதற்கு அடியில் வரிசையாகச் செதுக்கிய தாங்கிகள். உயரமும் ஒடுக்கமுமான ஜன்னல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையின் நடுவில் ஒரு மணிக்கூண்டு. இத்தாலியக் கிராமத்துக் கல்வீடுகளைப் பார்த்து வந்த இத்தாலியனேட் பாணியின் எல்லா அடையாளமும் இருக்கிறது. கிட்டப் போய்த் தட்டினால்தான் தெரிகிறது, அத்தனையும் மரம்.

மார்ச் 10, ஞாயிறு

இந்த வடிவம் இங்கே எப்படி வந்தது என்று இன்று முழுக்கப் படித்தேன்.

இத்தாலியின் டஸ்கனி கிராமத்துப் பண்ணைவீடு கல்லும் சுட்ட ஓடும். வெயிலுக்காக இறவாணம் நீண்டிருக்கும். அதன் கோபுரம் பல இடங்களில் வெறும் புறாக்கூண்டு. புறா எருவுக்கும் ஆகும், கறிக்கும் ஆகும். அங்கே எதுவும் அழகுக்காக வைத்ததில்லை. க்ளோட் லொரேன் போன்ற ஓவியர்கள் இத்தாலிய நிலக்காட்சிகளில் இப்படிப்பட்ட வீடுகளைத் தூரத்தில் வைத்து வரைந்தார்கள். அந்தப் படங்களை வாங்கி மாளிகைகளில் மாட்டிய ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு, படத்தில் இருக்கும் வீடே வேண்டும் என்று ஆசை வந்தது. கட்டடக் கலைஞர் ஜான் நேஷ் 1802-இல் ஷ்ராப்ஷயரில் க்ரான்கில் வீட்டைக் கட்டினார். இங்கிலாந்தில் இந்தப் பாணிக்கு அதுவே முதல் வீடு என்று சொல்வார்கள். அதைக் கட்டியது ஒரு பெரும் பண்ணையின் மேலாளருக்காக என்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் விக்டோரியா அரசிக்காக வைட் தீவில் ஆஸ்போர்ன் மாளிகை எழுந்தது. அரசியே இப்படிக் கட்டிக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுவந்ததில் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங்குக்குப் பெரிய பங்கு. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த குடும்பம். 1840-களில் வீட்டு மாதிரிப் படங்களும் தரைப்படங்களும் அச்சடித்து வெளியிட்டார். உள்ளூர்த் தச்சரிடம் பக்கத்தைக் காட்டி ‘இது மாதிரி’ என்று கேட்கலாம். 1852-இல் நீராவிக் கப்பல் ஒன்று தீப்பிடித்ததில் இறந்தபோது அவருக்கு வயது 36.

ஒன்றை இங்கே குறித்துவைக்க வேண்டும். மரம் கல்லைப் போல வேஷம் போடுவது டவுனிங்குக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மர வீடு மர வீடாகத் தெரிய வேண்டும், பலகையை நெடுக்காக அடியுங்கள் என்று எழுதினார். அவருடைய படங்களைப் பார்த்துக் கட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். படம் பிடித்திருந்தது, அறிவுரை வேண்டாம்.

மார்ச் 16, சனி

இன்று உள்ளே, நிதானமாக.

கீழே கூடத்துக்கு இரு பக்கமும் வரவேற்பறைகள். மேலே படுக்கையறைகளும், மியூர் எழுதிய அறையும். ‘கிறுக்கல் குகை’ என்பது போல ஒரு பெயர் வைத்திருந்தார். இயற்கைப் பாதுகாப்புக்கான சியரா க்ளப் 1892-இல் தொடங்கியபோது தலைவரானவர், இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். யோசெமிட்டியின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை வராமல் தடுக்க நடத்திய போராட்டத்தில் 1913-இல் தோற்றார். அதற்கான எழுத்தெல்லாம் இந்த மேசையில் நடந்திருக்கிறது. பக்கத்துப் படுக்கையறை ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. வெயில் வந்து எழுப்ப வேண்டுமாம்.

ஆனால் இதைப் பண்ணைவீடு என்று காட்டுவது மேல் மச்சுதான். காற்றாலை கிணற்றிலிருந்து இறைத்த நீர் மச்சில் இருந்த தொட்டிக்கு ஏறும், அங்கிருந்து கீழே குழாய்களுக்கு இறங்கும். 1882-இல், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் குழாய்த் தண்ணீர்! அதற்கும் மேலே மணிக்கூண்டு. படத்தில் புறாக்கூண்டாக இருந்தது இங்கே தோட்டத்து ஆட்களைக் கூப்பிடும் மணியாகிவிட்டது. அந்த ஆட்களில் சீனர்கள் உண்டு. வீட்டு முகப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மணியை இழுக்க விடுகிறார்கள், நானும் இழுத்தேன். கூண்டில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. தோட்டக்காரருக்கு இது அலங்காரம் இல்லை, மேற்பார்வை.

நிறைய நேரம் நின்றது கிழக்கு வரவேற்பறைக் கணப்பின் முன்னால். 1906 நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ எரிந்துபோனது. இந்த வீடு நின்றது, புகைபோக்கிகள் உடைந்தன. அதாவது கல்லாக நடித்த மரம் வளைந்து கொடுத்துத் தப்பியது, உண்மையிலேயே செங்கல்லாக இருந்தது உடைந்தது. மியூர் பழைய விக்டோரியக் கணப்பைத் திரும்ப வைக்கவில்லை. அறைக்குச் சற்றும் பொருந்தாத, வளைவு வைத்த பெரிய செங்கல் கணப்பைக் கட்டிக்கொண்டார். மலையில் மூட்டுகிற மாதிரி பெரிய கட்டைகளைப் போட்டு எரிக்கத்தான். கட்டடக் கண்ணோடு பார்த்தால் பாணி கெட்டது. எனக்கென்னவோ இந்த வீட்டில் மியூர் என்ற ஆள் தெரியும் ஒரே இடம் அதுதான் என்று பட்டது.

மார்ச் 18, திங்கள்

வேலைக்கு நடுவில் சின்னக் குறிப்பு. மியூர் 1880-இல் லூயி ஸ்ட்ரென்ட்ஸெல்லை மணந்தார். முதல் பத்து வருடம் பள்ளத்தாக்கின் பழைய வீட்டில் இருந்து தோட்டத்தைக் கவனித்தார், நன்றாகச் சம்பாதித்தார், உடம்பு கெட்டது. 1890-இல் மாமனார் இறந்த பிறகுதான் பெரிய வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

மார்ச் 23, சனி

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வேலை. முடித்துவிட்டு 1870-களின் வீட்டு வரிசைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதே தாங்கிகள், அதே ஒடுக்கமான ஜன்னல், மூலைகளில் கல் அடுக்கியது போல மரக்கட்டைகள். ஆனால் தெருப்பக்கத்தோடு சரி. இடைவெளி கிடைத்த இடத்தில் பக்கச்சுவரை எட்டிப் பார்த்தால் வெறும் பலகை. தெருவைப் பார்க்கும் முகப்பை மட்டும் உயர்த்தி, பின்னால் இருக்கும் சாதாரணக் கூரையை மறைத்திருக்கிறார்கள்.

பண்ணைவீட்டில் இது முடியாது. எந்தத் திசையிலிருந்தும் ஆள் வருவார், சுற்றிலும் திறந்த நிலம். தாங்கிகள் நான்கு பக்கமும் ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் செதுக்கியிருந்தால் கட்டுப்படியாகாது. நீராவி ரம்பமும், வளைவு அறுக்கும் வாளும், இயந்திர ஆணியும் வந்த பிறகுதான் ஒரு விவசாயிக்கு இது எட்டியது. மெல்லிய சட்டங்களை ஆணியால் இணைத்து எழுப்பும் சட்டக முறை 1830-களில் சிகாகோ பக்கம் பரவியது. தடித்த உத்திரத்தைப் பொளித்துப் பொருத்தும் பழைய தச்சு தேவைப்படவில்லை.

கலிஃபோர்னியாவில் அதற்கு ரெட்வுட் என்ற உயரமான ஊசியிலை மரம் வேறு கிடைத்தது. நேரான இழை, சுலபமாகச் செதுக்கலாம், பூச்சியும் உளுப்பும் எளிதில் அண்டாது. ஓக்லாண்ட் மலைகளின் பழைய ரெட்வுட்டை 1860-க்குள்ளேயே வெட்டித் தீர்த்திருந்தார்கள், பிறகு வடக்குக் கடற்கரைக் காடுகள். மார்ட்டினெஸ் வீடும் பெரும்பாலும் ரெட்வுட்தான். காட்டுக்காக வாழ்ந்த மனிதர் வெட்டிய காட்டுக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1908-இல் அவர் பெயர் சூட்டப்பட்டதும் ஒரு ரெட்வுட் காடுதான், மியூர் வுட்ஸ். இதை வைத்து அவரைக் குத்திக்காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. வீட்டைக் கட்டியது மாமனார், அன்றைக்கு வேறு எதில் கட்டுவது?

ஏப்ரல் 6, சனி

கடைசியாக, அதே வளாகத்தில் கீழே இருக்கும் மண்வீடு. பெரிய வீட்டைப் பார்த்த களைப்பில் பாதிப் பேர் இதற்கு வருவதில்லை. வெயிலில் காயவைத்த, சுடாத மண்கற்களால் 1849-இல் விசென்டே மார்ட்டினெஸ் கட்டியது. எல் பினோலே என்ற மெக்சிகோ காலத்துப் பெருநிலத்தின் பகுதி. தடித்த சுவர், நிழலுக்குத் தாழ்வாரம். ஸ்ட்ரென்ட்ஸெல் பிறகு வாங்கினார். மியூரின் மூத்த மகள் வாண்டா கணவரோடு இங்கே குடியிருந்தார்.

மத்தியதரைக் கடல் நாட்டு வீட்டு அறிவு ஸ்பெயின், மெக்சிகோ வழியாக நேராக வந்து இறங்கியது இந்த மண்வீட்டில்தான். மேட்டில் நிற்கும் ‘இத்தாலி’ ஓவியர், ஆங்கிலப் பிரபு, நியூயார்க் அச்சகம், ரம்ப ஆலை என்று சுற்றி வந்தது. ஸ்ட்ரென்ட்ஸெல்லுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் மண்வீட்டைப் பார்த்துக் கட்டியிருக்க மாட்டார். ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்து, மண்ணில் சம்பாதித்த மருத்துவர், தன் வெற்றி வழியில் போகிறவர் கண்ணில் படவேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. குடியிருக்கச் சொன்னால் நான் மண்வீட்டைத்தான் கேட்பேன். மதியம் வெளியே நல்ல வெயில், உள்ளே மின்விசிறியே வேண்டியிருக்கவில்லை.